உறைந்த உணர்வுத்தடமும் உறவின் மறுமொழியும்: 'சாப விமோசனம்', 'அக்கினிப் பிரவேசம்', 'சில நேரங்களில் சில மனிதர்கள்' – ஓர் உளவியல் வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

உளக்காயம் அடைந்த ஒருவர் அதிலிருந்து மீள்வதும் மீளாமற்போவதும் காயப்படுத்திய நிகழ்வினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அந்நிகழ்வுக்கு நெருங்கிய உறவுகள் அளிக்கும் முதல் மறுமொழியும், அம்மறுமொழி அவர் தம்மைத்தாமே குறிக்கும் சொல்லாக உள்ளத்தில் நிலைபெறுவதும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்', ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆகிய சிறுகதைகளையும், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' புதினத்தையும் ஒருங்குவைத்து இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கற்பு குறித்த விவாதமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்த இப்படைப்புகள், பழைய உணர்வுத்தடங்கள் உருவாகும் முறையையும் அவற்றைக் கடப்பதற்கு உறவுகள் ஆற்ற வேண்டிய பணியையும் நுட்பமாகப் பதிவுசெய்துள்ளன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: உளக்காயம், உணர்வுத்தடம், மீள்திறன், மெய்ப்பாடு, இளிவு, புதுமைப்பித்தன், ஜெயகாந்தன்.

முன்னுரை

ஆனந்த விகடன் இதழில் 1966ஆம் ஆண்டு வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' தமிழ் வாசகர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிச் சிதைவுற்று வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அவளுடைய தாய் தலையில் நீரூற்றித் தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்வது கதையின் முடிவாகும். ஒரு தாய் இவ்வாறு செய்வாளா, செய்யலாமா என்னும் வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களுக்கு விடை கூறுவதுபோல், தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்பதை ஜெயகாந்தன் புதினமாக்கினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்னும் தலைப்பில் தொடராக வந்த அது, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் பெயரில் நூலாகி, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது.

ஒரே நிகழ்வு, இரண்டு மறுமொழிகள், இரண்டு வாழ்வுகள் என்னும் இவ்வமைப்பு தமிழ்ப் புனைகதையில் அரிதானது. உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு வினாவை அது இலக்கியச் சோதனையாக நம்முன் வைக்கிறது: துயருற்றவர்களுள் சிலர் மீள்வதும் சிலர் அத்துயரிலேயே உறைந்துபோவதும் எதனால்? இவ்வினாவுக்கு மற்றொரு கோணத்தை அளிப்பது புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. 1943இல் எழுதப்பட்ட இக்கதை, கல்லாய்க் கிடந்து உயிர்பெற்ற அகலிகை மீண்டும் கல்லாவதைச் சொல்கிறது. மீட்சி ஒருமுறை வழங்கப்பட்ட பிறகும் அது நிலைக்காமற்போவது ஏன் என்பதே அக்கதையின் வினா. இம்மூன்று படைப்புகளையும் இணைத்து வாசிக்கும்போது மீட்சியின் நிபந்தனைகள் எவை என்பது தெளிவாகிறது.

கருத்தியல் அடிப்படை: உணர்வுத்தடமும் மீள்திறனும்

அச்சமோ அவமானமோ மேலிட்ட ஒரு கணத்தில் மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஓர் எதிர்வினையைக் கைக்கொள்கிறார். ஒடுங்குதல், ஒளித்தல், சினத்தல், பணிதல் என அது எவ்வகையினதாகவும் இருக்கலாம். அக்கணம் கடந்த பின்னரும், அதை ஒத்த சிறு சூழல் நேரும்போதெல்லாம் அதே எதிர்வினை தானாகவே எழுமாயின் அது பழக்கமாகிவிடுகிறது. வண்டிச்சக்கரம் ஓடியோடிப் பதிந்த தடத்தில் பின்வரும் வண்டிகளும் விழுவதைப்போல், புதிய உறவுகளும் அப்பழைய தடத்திலேயே விழுகின்றன. இதனையே இக்கட்டுரை 'உணர்வுத்தடம்' எனக் குறிக்கிறது.

சிக்மண்ட் பிராய்டு 1914இல் எழுதிய கட்டுரையொன்றில், நினைவுகூர இயலாதவற்றை மனிதர் செயலில் திரும்பத் திரும்ப நிகழ்த்துகின்றனர் என்று விளக்கினார். ஜான் பௌல்பி 1969 முதல் வெளியிட்ட மூன்று தொகுதிகளில், குழந்தைப் பருவத்துப் பிணைப்புகளிலிருந்து 'நான் அன்புக்குரியவனா, பிறர் நம்பத்தக்கவரா' என்னும் அகமாதிரி உருவாகிப் பிற்கால உறவுகளை வழிநடத்துகிறது என நிறுவினார். ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் உளக்காயத்திலிருந்து மீளும் வழியைப் பாதுகாப்பை உறுதிசெய்தல், நிகழ்ந்ததை நினைவுகூர்ந்து துயருறுதல், வாழ்வோடு மீண்டும் இணைதல் என மூன்று கட்டங்களாகப் பகுத்தார். மீட்சி தனிமையில் நிகழ்வதன்று, உறவுக்குள்தான் நிகழும் என்பது அவர் வலியுறுத்திய அடிப்படைக் கருத்து.

மீள்திறன் குறித்த ஆய்வுகளும் இதனையே வழிமொழிகின்றன. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சிக்கல் முதலிய பல இடர்களுக்கிடையே வளர்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உடைய இளைஞர்களாக உருவாயினர். தங்களை ஏற்றுக்கொண்ட, நம்பத்தக்க ஒருவரேனும் அக்குழந்தைகளின் வாழ்வில் இருந்தார் என்பது அவ்வாய்வின் முதன்மையான கண்டறிவுகளுள் ஒன்று.

இவை மேலைநாட்டுக் கருத்தாக்கங்கள். தமிழ்ப் பனுவல்களுக்கு இவற்றைப் பொருத்துவது தகுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் துணைசெய்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் வகுக்கிறார். இவற்றுள் இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல். அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல். துயரத்தின் காரணங்களுள் இழப்புக்கு முன்னதாக இகழ்ச்சி வைத்து எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. உடலுக்கு நேர்ந்ததைக் காட்டிலும் அதைப் பிறர் பார்க்கும் பார்வையே உள்ளத்தை ஆழமாகத் தாக்கும் என்பதை உணர்ந்துகொள்ள இப்பகுப்பு இடந்தருகிறது. இங்கு ஆராயப்படும் மூன்று பெண்களின் துயரமும் இளிவின்பாற்பட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

சாபவிமோசனத்திற்குப் பின்: அகலிகையின் அச்சம்

கம்பரின் அகலிகைப் படலத்தில், மனத்தால் பிழை செய்யாதவள் என்று கூறப்பட்டு அகலிகை கோதமனிடம் சேர்க்கப்படுகிறாள். காப்பியம் அவளை அங்கே விட்டுவிட்டு மிதிலை நோக்கி நகர்கிறது. புதுமைப்பித்தனின் கதையோ அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. விமோசனம் பெற்ற மறுநாள் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதே அவருடைய அக்கறை.

கோதமன் மனம் மாறியவன். அறியாமல், மனம் ஒப்பாமல் நிகழ்ந்த ஒன்று மனிதரைக் கறைப்படுத்துமா என்று தன் பழைய அறத்தையே மறுஆய்வு செய்பவன். அவனிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் அகலிகையின் உள்ளத்தில் அச்சம் உறைந்துவிட்டது. எதிர்வரும் ஆடவர் அனைவரும் இந்திரனாகவே அவளுக்குத் தோன்றுகின்றனர். இயல்பான பேச்சிலும் உட்பொருள் இருக்குமோ என்று நடுங்குகிறாள். தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பலமுறை எண்ணிப்பார்த்தே பேசுகிறாள். உளக்காயத்திற்குப் பின் எப்போதும் ஆபத்தை எதிர்நோக்கியிருக்கும் மிகைவிழிப்பு நிலையை உளநோய் மருத்துவம் இன்று ஓர் அறிகுறியாக வகைப்படுத்துகிறது. அதனை 1943லேயே ஒரு சிறுகதை உள்ளிருந்து காட்டியிருப்பது வியப்பிற்குரியது.

இந்நிலையிலும் அகலிகையிடம் மீள்திறன் அரும்புகிறது. இராமனும் சீதையும் இயல்பாக வந்து பழகும்போது அவளுடைய சுமை குறைகிறது; அவளைப் பழியோடு நோக்காத கண்கள் அவை. மறுபுறம், ஆற்றங்கரையில் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்கும்போது பழைய புண் மீண்டும் திறக்கிறது. ஒரு பார்வை ஆற்றுகிறது; மற்றொரு பார்வை புண்படுத்துகிறது. மீள்திறன் என்பது ஒருவர் தம்முள் சேமித்து வைத்திருக்கும் பொருளன்று, அன்றாட உறவுகளில் வளர்ந்தும் தேய்ந்தும் வரும் ஒன்று என்பதை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீயிற் புகுந்து மெய்ப்பித்த செய்தியைச் சொல்கிறாள். அதைக் கேட்டவன் இராமன் என்று அறிந்ததும் அகலிகை அதிர்ந்துபோகிறாள். தன்னை ஏற்றவனே தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான். உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்னும் சீதையின் சொல் அவளுக்கு ஆறுதலாகவில்லை. அதன்பின் கோதமனின் நெருக்கமும் இந்திரனின் வேடமாகவே அவளுக்குத் தோன்ற, அவள் மீண்டும் கல்லாகிறாள்.

அகலிகை மீண்டும் கல்லாவதை அவளுடைய மனவலிமையின்மையாகக் கருதுதல் பொருந்தாது. அவளுடைய மீட்சி ஒரு மாபெரும் மனிதனின் அருளை அடித்தளமாகக் கொண்டிருந்தது. அவ்வருள் அவளுக்கு மட்டும் வழங்கப்பட்ட விலக்காகவே இருந்தது, விதி மாறவில்லை. விதியை மாற்றாத மன்னிப்பு நம்பத்தக்கதன்று என்பது வெளிப்பட்ட கணத்தில் அவளுடைய பழைய உணர்வுத்தடம் உயிர்பெற்றுவிடுகிறது. ஹெர்மன் கூறும் முதல் கட்டமாகிய பாதுகாப்பு அவளுக்கு உண்மையில் ஒருபோதும் கிட்டவில்லை.

ஒரு தாயின் இடைநிறுத்தம்: 'அக்கினிப் பிரவேசம்'

ஜெயகாந்தனின் சிறுகதையில் வரும் தாயைப் பொதுவாக இலட்சியத் தாய் என்றே விமர்சனங்கள் குறிக்கின்றன. கதையை நுணுகி நோக்கின் அவள் தொடக்கத்திலேயே இலட்சியத் தாயாக இல்லை என்பது புலப்படும். செய்தி அறிந்த கணத்தில் அவளும் அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். பழைய தடம் அவளையும் இழுக்கிறது. ஓசை கேட்டு அண்டை வீட்டார் வினவும்போதுதான் திருப்பம் நேர்கிறது. மழையில் நனைந்து வந்ததைக் காரணமாகக் காட்டி அவர்களை அனுப்பிவிடுகிறாள். அந்தப் பொய் அவளுக்குச் சில நொடிகளை ஈட்டித் தருகிறது. அந்நொடிகளில் அவள் தன் அச்சத்திலிருந்து விலகி மகளின் முகத்தைப் பார்க்கிறாள்.

உணர்ச்சியின் உந்துதலுக்கும் செயலுக்கும் இடையே தோன்றும் இந்த இடைவெளியே கதையின் உயிர்நிலை. பழைய உணர்வுத்தடத்தை முறிப்பது என்பது அவ்வுணர்ச்சி எழாமற் செய்வதன்று. எழுந்த பின்னரும் அதன் வழியே செல்லாதிருப்பது. தாயின் சினம் உண்மையானது, அச்சமும் உண்மையானது. அவற்றை மகளின்மேல் இறக்கிவைக்காமல் தானே தாங்கிக்கொள்ள முடிந்தது அவளுடைய பேறு.

பின்னர் அவள் செய்வன மூன்று. முதலாவது, மகளை வீட்டினுள் அழைத்து நீரூற்றுகிறாள். உடலுக்குப் பாதுகாப்பு அளிக்கிறாள். இரண்டாவது, நிகழ்ந்ததை முழுமையாகக் கேட்டறிந்து அதற்குச் சாட்சியாகிறாள். மூன்றாவது, நிகழ்ந்ததற்கு வேறொரு பெயர் சூட்டுகிறாள். தெருவில் நடக்கும்போது காலில் பட்ட அசுத்தத்தைக் கழுவிவிட்டுப் பூசையறைக்கும் செல்வதில்லையா என்னும் அவளுடைய வாதம் எளிய வீட்டு வழக்கிலிருந்து பிறந்தது. அகலிகையையும் அவள் துணைக்கு அழைக்கிறாள். 'கெட்டுப்போனவள்' என்னும் சொல் மகளின் உள்ளத்தில் குடியேறுவதற்கு முன்பே 'சுத்தமானவள்' என்னும் சொல்லை அங்கே அமர்த்திவிடுகிறாள். நீர்தான் இங்கு அக்கினி; தலைப்பின் பொருத்தம் அதில் அடங்கியுள்ளது. இராமாயணத்தில் உலகின்பொருட்டுச் சான்று கேட்கப்பட்டது; இங்கு எச்சான்றும் கேட்கப்படவில்லை. நீராட்டு மகளின்பொருட்டே நிகழ்கிறது.

எனினும் இம்மீட்சியின் எல்லைகளையும் திறனாய்வு மறைத்தல் கூடாது. தாய் மாற்றியது ஒரு பெண்ணின் நிலையை மட்டுமே. தூய்மை, தூய்மையின்மை என்னும் அளவுகோலை அவள் கைவிடவில்லை. அவ்வளவுகோலின் கெட்ட பக்கத்திலிருந்து மகளை நல்ல பக்கத்திற்கு நகர்த்துகிறாள். எவரிடமும் சொல்லாதே என்னும் அறிவுரையோடுதான் அம்மீட்சி முழுமையடைகிறது. அக்காலச் சூழலில் மகளைக் காக்கும் கவசம் அது என்பதில் ஐயமில்லை. ஆயின் குற்றம் செய்தவன் கேள்விக்கு ஆளாகாமல் மறைகிறான். காயமுற்றவள் இரகசியத்தைச் சுமக்கிறாள். இந்த மௌனம் உடைந்திருந்தால் என்னவாகும் என்பதற்கு விடையாகவே புதினம் அமைகிறது.

சொல் உறைதல்: கங்காவின் வாழ்வு

புதினத்தில் கங்காவின் தாய் கனகம் அலறுகிறாள். அவ்வலறலில் செய்தி வெளியாகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். தஞ்சாவூரில் வழக்கறிஞராக இருக்கும் வெங்குமாமா அவளை அழைத்துச்சென்று படிக்க வைக்கிறார். சிறுகதைத் தாயும் கனகமும் தொடங்கும் இடம் ஒன்றே. ஒருத்திக்கு வாய்த்த இடைநிறுத்தம் மற்றொருத்திக்கு வாய்க்கவில்லை. அண்டை வீட்டாரின் காது ஒரு கதையில் தாயைத் தன்னிலைக்குக் கொண்டுவருகிறது. மற்றொன்றில் மகளின் வாழ்வைப் பறிக்கிறது.

கனகத்தைக் கொடியவளாக ஜெயகாந்தன் படைக்கவில்லை. அவள் கணவனை இழந்தவள். மகனையும் உடன்பிறந்தவரையும் சார்ந்து வாழ்பவள். தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை எந்நாளும் அவளுக்கு இருந்ததில்லை. பிறர் என்ன சொல்வார்கள் என்னும் அச்சம் அவளுக்கு வெறும் மனப்பழக்கம் அன்று. பிழைப்போடு பிணைந்த நடைமுறை உண்மை. பழைய உணர்வுத்தடங்களைத் தனிமனிதரின் உள்ளத்துள் மட்டுமே தேடும் உளவியல் வாசிப்பு தவறவிடும் இடம் இதுவே. கங்காவின் காயம் ஒரு குடும்பத்தின் அச்சத்திலிருந்து வந்தது. அக்குடும்பத்தின் அச்சமோ ஒரு சமூக ஏற்பாட்டிலிருந்து வந்தது. தலைமுறை கடந்து கைமாறும் உணர்வுத்தடத்திற்குக் கனகம் பலியும் ஆவாள், அதனைக் கடத்தும் கருவியும் ஆவாள்.

வளர்ந்த கங்கா கற்றவள்; உயர்பொறுப்பில் பணிபுரிபவள்; தாயைத் தன்னுடன் வைத்துப் பேணுபவள். புற அளவுகோல்களின்படி அவள் மீண்டெழுந்தவளே. பெரிதும் அவளுடைய தன்கூற்றாக அமையும் புதினம் உள்நிலைமை வேறு என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. பேருந்தின் நெரிசலில் ஆடவரின் அண்மை அவளை ஒடுங்கச் செய்கிறது. ஆதரவளித்த வெங்குமாமாவே அவளிடம் முறைதவறி நடக்க முயல்கிறார். கற்பித்த கையே தீண்டவும் துணிகிறது. பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு என்னும் பாடம் இதனால் அவளுள் இரண்டாம் முறையாக எழுதப்படுகிறது. பொருளியல் தன்னிறைவும் மீள்திறனும் ஒன்றல்ல என்பதற்குக் கங்காவின் வாழ்வு தக்க சான்று. முன்னது அவளை நிற்கச் செய்தது. பிறரை நம்பும் ஆற்றலை அதனால் தர இயலவில்லை.

புதினத்தின் திருப்புமுனை வெங்குமாமாவின் வாதமாகும். சாத்திரத்தின் பெயரால், அவள் எவருக்கும் மனைவியாக இயலாது, அன்று கெடுத்தவனைத் தேடிக்கண்டுபிடித்து அவனோடு வேண்டுமானால் வாழலாம் என்கிறார். கங்கா அறிவுள்ளவள், வெங்குமாமாவின் உள்நோக்கத்தை அறிந்தவள், அவரை வெறுப்பவள். ஆயினும் அவர் வகுத்த வரையறையை ஏற்று அதன்படி செயற்படப் புறப்படுகிறாள். எழுத்தாளர் ஆர்.கே.வி.யின் வழியாகப் பிரபுவைக் கண்டறிந்து, ஊரார் கண்ணுக்கு அவனுடைய 'வைப்பாட்டி'யாகத் தோன்றும் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்கிறாள்.

இத்தேர்வைக் கலகம் என்றும் பழிவாங்கல் என்றும் விளக்குவதுண்டு. உளவியல் நோக்கில் இது பழைய தடத்தின் திரும்பச் செய்தலே. அன்று அவள்மேல் சுமத்தப்பட்ட சொல்லை இன்று தானே எடுத்து அணிந்துகொள்கிறாள். சுமத்தப்பட்டதைத் தேர்ந்தெடுத்ததாக மாற்றுவதன்வழி இழந்த ஆளுமையை மீட்டுவிடலாம் என்னும் முயற்சி அது. அதில் துணிவு உண்டு, விடுதலை இல்லை. சொல்லை அணியும் முறை மாறியதேயன்றிச் சொல் மாறவில்லை. ஜெயகாந்தன் இதனைக் கங்காவின் அறியாமையாகச் சித்திரிக்காமல், வேறு சொல் எதுவும் அவளுக்கு உரிய காலத்தில் வழங்கப்படாமையின் விளைவாகச் சித்திரிப்பது புதினத்தின் தனிச்சிறப்பு.

பிரபுவுடனான நட்பு: பாதி மீட்சி

கங்காவுக்கும் பிரபுவுக்கும் இடையே உருவாகும் உறவு எதிர்பாராதது. உடலுறவற்ற, ஆனால் ஒருவரையொருவர் கேட்டறியும் நட்பாக அது வளர்கிறது. தனக்கு ஒரு சிறு நிகழ்வாக இருந்தது மற்றொருவரின் வாழ்வையே திருப்பிவிட்டது என்பதைப் பிரபு உணர்கிறான். தன் தீச்செயலைக் கண்முன் காணும் குற்றவுணர்வு அவனை மாற்றத் தொடங்குகிறது. கங்காவுக்கோ, நிகழ்ந்ததை அறிந்த, அதற்காக அவளை இகழாத ஒரு மனிதர் முதன்முறையாக வாய்க்கிறார். அவனுடைய மகள் மஞ்சுவிடம் அவள் காட்டும் பரிவு, தனக்குக் கிடைக்காத ஒன்றைப் பிறருக்கு அளிக்கும் ஆற்றல் அவளிடம் அழியாதிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இந்நட்பில் ஆறுதல் உண்டு; ஆயினும் அது முழு மீட்சியாகவில்லை. இதற்கு இரண்டு காரணங்களைச் சுட்டலாம். காயப்படுத்தியவரையே ஆற்றுபவராகவும் கொள்ளும் உறவில் சமநிலை இராது. அவனுடைய குற்றவுணர்வைத் தேற்றும் பொறுப்பும் அவள்மேலேயே விழுகிறது என்பது முதலாவது. அவ்வுறவு முழுவதும் வெங்குமாமாவின் வரையறைக்குள்ளேயே கட்டப்பட்டது என்பது இரண்டாவது. அவன் விலகினால் அவ்வரையறை தந்த இடமும் அவளுக்கு இல்லாமற்போகும்.

அதுவே நிகழ்கிறது. கங்காவுக்குத் திருமண வாய்ப்பு வரும்போது, அவளுடைய நன்மையை எண்ணிப் பிரபு விலகுகிறான். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாயினும் அது அவளைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவு. அவளுடைய வாழ்வைப் பற்றிய முடிவை அண்ணன் எடுத்தான், மாமா எடுத்தார், இப்போது நண்பனும் எடுக்கிறான். மீண்டும் கைவிடப்பட்டவளாகும் கங்கா மதுவை நாடும் நிலையில் புதினம் முடிகிறது. அகலிகை கல்லானதும் கங்கா மதுவில் ஆழ்வதும் உணர்ச்சியை உணராதிருக்கும் இரு வழிகளே. இரண்டிலும் உடனடிக் காரணமாக இருப்போர் பகைவரல்லர், நல்லவர்களே. நல்லெண்ணம் மட்டும் ஆற்றுப்படுத்தாது, காயமுற்றவரின் குரலுக்கு இடமளிக்கும் நல்லெண்ணமே ஆற்றுப்படுத்தும் என்பது இம்முடிவுகள் தரும் தெளிவு.

ஒப்பீடும் மதிப்பீடும்

மூன்று படைப்புகளும் மீட்சிக்கு வேண்டிய மூன்று கூறுகளை வெவ்வேறு அளவில் கொண்டுள்ளன. முதற்கூறு பாதுகாப்பு: சிறுகதை மாணவிக்கு அது உடனே கிட்டுகிறது, கங்காவுக்கு விலையோடு கிட்டுகிறது, அகலிகைக்கு நிலையற்றதாகக் கிட்டுகிறது. இரண்டாம் கூறு சாட்சி: மாணவிக்குத் தாய் இருக்கிறாள், கங்காவுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிரபு வாய்க்கிறான், அகலிகை தன் அச்சத்தை எவரிடமும் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. மூன்றாம் கூறு தன்னைக் குறிக்கும் சொல்லின் மாற்றம்: மாணவிக்கு அது நிகழ்கிறது, அகலிகைக்கு நிகழ்ந்து பின் பறிபோகிறது, கங்காவுக்கு நிகழவேயில்லை.

காலமும் இங்கு முதன்மை பெறுகிறது. புதினத்தினுள் ஆர்.கே.வி. எழுதியதாக 'அக்கினிப் பிரவேசம்' கதையே இடம்பெறுகிறது. தன் வாழ்வில் நிகழ்ந்திருக்கக்கூடிய மாற்று முடிவைக் கங்கா அச்சில் காண்கிறாள். கனகமும் அக்கதையின் முன் கண்ணீர் சிந்துகிறாள். அறிவு வந்துவிட்டது, ஆயின் அது வரும்போது அச்சொல் பல ஆண்டுகளாக உறைந்துவிட்டது. தாயின் கண்ணீர் உண்மையானது என்றாலும், மகளை நோக்கித் தன் பிழையை ஏற்று உரைக்கும் உரையாடலாக அது முழுமை பெறவில்லை. கழிவிரக்கம் வேறு, ஈடுசெய்தல் வேறு. காலம் கடந்த பின்னரும் ஈடுசெய்தல் இயலும் என்பதே உளச்சிகிச்சையின் நம்பிக்கை. அதற்கான கதவு புதினத்தில் திறந்தே இருந்தது. எவரும் அதனுள் நுழையவில்லை என்பதே அதன் துயரம்.

பாலியல் வன்முறைக்குப் பின் பெண்கள் அடையும் உடல், உளப் பாதிப்புகளைத் தனியொரு தொகுதியாக ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ஆகியோர் 1974இல் வரையறுத்தனர். உளக்காயத்திற்குப் பிந்தைய நெருக்கடிக் கோளாறு அமெரிக்க உளநோய் மருத்துவ வகைப்பாட்டில் 1980இல்தான் இடம்பெற்றது. இவற்றுக்கு முன்பே எழுதப்பட்ட இத்தமிழ்ப் புனைவுகள், மருத்துவச் சொற்கள் ஏதுமின்றி, ஒரு குடும்பத்தின் கூடத்திலும் ஆற்றங்கரையிலும் அதே உண்மைகளைக் கண்டுகொண்டன. அவற்றை வெறும் கற்புவாத எதிர்ப்பாக மட்டும் சுருக்குவது, அவற்றின் அறிவில் பாதியை இழப்பதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு: பழைய உணர்வுத்தடம் காயத்தினால் மட்டும் உருவாவதன்று, காயத்திற்கு உறவுகள் இடும் பெயரால் உருவாவது. மீட்சி என்பது மறத்தலோ மன்னிக்கப்படுதலோ அன்று. பாதுகாப்பான ஓர் உறவுக்குள் அப்பெயரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. கல்வி, பணி, பொருள் ஆகியன மீள்திறனுக்குத் துணைசெய்யும்; அதற்கு மாற்றாகா. தனி ஒருவருக்கு வழங்கப்படும் விலக்கு, பொதுவிதி மாறாதவரை, நிலையான மீட்சியாகாது. உறவைச் சீர்செய்யும் முயற்சியில் காயமுற்றவரின் விருப்பம் கேட்கப்படாதபோது, அம்முயற்சியே மற்றொரு காயமாகிறது.

இப்படைப்புகள் பல்லாண்டுகளாகத் தமிழ் வகுப்பறைகளில் விவாதிக்கப்பட்டு வருகின்றன. அந்தத் தாய் செய்தது சரியா என்னும் வினாவோடு விவாதம் முடிந்துவிடுமாயின், கேட்டுக்கொண்டிருக்கும் மாணவியருள் எவருக்கேனும் அவ்வினா மற்றொரு தீர்ப்பாக ஒலிக்கக்கூடும். அலறலுக்கும் அரவணைப்புக்கும் இடையே அத்தாய்க்குக் கிடைத்த சில நொடிகளில் நிகழ்ந்தது என்ன என்று வினவும் வாசிப்பு பயனுடையது. வீட்டிலும் வகுப்பறையிலும் பிறரின் துயரத்தை முதலிற் கேட்க நேரும் ஒவ்வொருவரிடமும் அச்சில நொடிகளே உள்ளன. மகளைப் பற்றி உலகம் சொல்லவிருந்த சொல்லுக்கு முன்னதாகத் தன் சொல்லைச் சொல்லிவிட்டாள் என்பதே அத்தாய் செய்த செயல்.